அம்மாவின் கூவலை ஓடிக்கொண்டே சொல்ல முடிகிறதா?

கேள்வி: எனக்கு 41 வயது. காசிமேட்டில் இருக்கிறோம். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நின்றபடியே வேலை. என் அம்மா முப்பது வருஷம் கூடையில் மீன் விற்றவர். விடிகாலையில் ஏலம் எடுத்து, கல்மண்டபம், பழைய வண்ணாரப்பேட்டை என்று தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டு மதியம் திரும்புவார். "சங்கரா, கவளை, நெத்திலீ..." என்று அவர் கூவுவது தெருமுனையிலிருந்தே கேட்கும். மார்பில் கட்டி வந்ததை ஒரு வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். 64 வயது. கடைசிப் பத்து நாள் அவரால் பேச முடியவில்லை. வரும் ஜனவரியில் புற்றுநோய் நோயாளிகளுக்கு நிதி திரட்டுகிற ஓட்டம் ஒன்றில் அம்மா பெயரில் 21 கிலோமீட்டர் ஓட ஆசைப்படுகிறேன். மூன்று வாரமாகத் தினமும் விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் முடிந்த மட்டும் வேகமாக ஓடுகிறேன். பத்து நிமிஷத்தில் மூச்சு இரைக்கிறது. சில நாள் அழுகை வந்து நின்றுவிடுகிறேன். "துக்க வருஷம் முடியலை, அதுக்குள்ள ரோட்ல ஓடுறியே" என்று பெரியம்மா திட்டுகிறார். என்னால் முடியுமா? வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் கொஞ்சம் வலியும் இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

முடியும். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே ஓடினால் ஜனவரி வரைக்கும் உங்கள் கால் வராது. அதனால் நாளைக் காலையிலிருந்து இரண்டு வாரம் ஓட வேண்டாம். இதைப் படித்ததும் உங்களுக்கு மனசு கஷ்டமாக இருக்கும், தெரியும். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக ராயபுரத்தில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு போனவர்கள், கூடை சுமந்து கழுத்து தேய்ந்தவர்கள், பாக்ஸிங் பையன்கள், கால்பந்து ஆடி முட்டி திரும்பிய வியாசர்பாடிப் பிள்ளைகள் என்று எல்லாரும் வருவார்கள். கொஞ்ச வருஷமாக ஓடுகிறவர்களும் வருகிறார்கள். அவர்களில், இறந்துபோன ஒருவருக்காக ஓடுகிறவர் யார் என்று ஐந்து நிமிஷப் பேச்சில் எனக்குத் தெரிந்துவிடும். அவர்கள் வலியைக் குறைத்துச் சொல்வார்கள். "அவங்க பட்டதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வலியா" என்பார்கள். உங்கள் கடிதத்தில் எலும்பு வலி கடைசி வரியில், "கொஞ்சம்" என்ற சொல்லோடு வந்திருக்கிறது. அதைத்தான் நான் முதலில் படித்தேன்.

என் அண்ணன் இறந்த வருஷம் நானும் இப்படித்தான் ஓடினேன். இடது பாதத்தில், இரண்டாவது விரலுக்கு மேலே உள்ள எலும்பில் வலி வந்தது. வேறு யாராவது அந்தப் பாதத்தோடு வந்திருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தச் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லவில்லை. வலி வந்தால் அண்ணனுக்காக ஏதோ செய்கிறேன் என்று தோன்றியது. அந்த எலும்பில் விரிசல் விழுந்து ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். அண்ணன் பெயரை எழுதி வைத்திருந்த ஓட்டம் நான் இல்லாமலே நடந்து முடிந்தது. அந்த நாள் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலைப் பார்த்துவிடுவோம். நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலின் முன்னெலும்பில் உள்பக்க ஓரமாக, முட்டிக்குக் கீழேயிருந்து கணுக்கால் வரை கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட ஆரம்பிக்கும்போது இருந்து உடம்பு சூடானதும் குறைகிற வலியாக இருந்தால், அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள தசையும் சவ்வும் இழுபட்ட வலி. ஓய்வும் பயிற்சியும் போதும், சரியாகிவிடும். அப்படி இல்லாமல் ஒரே ஒரு இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் வைக்கிற அளவு இடத்தில், தொட்டதும் சுரீர் என்றால், அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு முறை குதிக்கும்போது அதே இடம் வலித்தால், ராத்திரி படுத்த பிறகும் வலி விண்விண் என்று இருந்தால், எலும்பில் மயிரிழை விரிசல் ஆரம்பித்திருக்கலாம். அப்படியானால் ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்புப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இந்த மாதிரி விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்று மறுநாளே ஓடப் போகாதீர்கள். வலி போகவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு உண்டு. மெடிக்கலில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வியர்த்து நீர் வற்றின உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதோடு, நிறுத்து என்று எலும்பு சொல்வது உங்கள் காதுக்கு எட்டாமலும் போய்விடும்.

ஏன் மூன்றே வாரத்தில் இப்படி ஆனது? ஓட ஆரம்பித்தால் மூச்சும் இருதயமும் சில வாரத்திலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கு ஆகும். எலும்பு தினமும் கொஞ்சம் இடிபட்டு, ஓய்வில் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. தினமும் ஓடினால் கட்டுவதற்கு நாளே கிடைப்பதில்லை. உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஓடிவிட்டுப் போய் பதினோரு மணி நேரம் கடையில் நிற்கிறீர்கள். அதுவும் அந்தக் காலுக்கு வேலைதான். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். பில் போடுகிற இடத்தில் ஒரு ஸ்டூல் கேளுங்கள். நீங்கள் கேட்டால், பக்கத்தில் நிற்கிற மற்றப் பெண்களுக்கும் கேட்கத் தைரியம் வரும்.

இனி வேகம். உங்களுக்குச் சொல்ல என்னிடம் முக்கியமாக இருப்பது இது ஒன்றுதான். நீங்கள் பாதிக்குப் பாதி மெதுவாக ஓட வேண்டும். ஓடும்போது மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அதுதான் சரியான வேகம். இதைச் சோதிக்க எல்லாரிடமும் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள் என்பேன். உங்களுக்கு அது வேண்டாம். உங்கள் அம்மாவின் கூவலைச் சொல்லிப் பாருங்கள். "சங்கரா, கவளை, நெத்திலீ..." என்று அந்தக் கடைசி இழுப்பு வரைக்கும் ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. "கவளை"யிலேயே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம், நடங்கள். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் மறுபடி ஓடுங்கள். கடைசி நாட்களில் அவரால் பேச முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிஷம் மூச்சு இரைக்க ஓடினால் உங்களாலும் பேச முடியாது. மெதுவாக ஓடினால் ஒரு மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

அம்மா எப்படி நடந்தார் என்று யோசித்துப் பாருங்கள். தலையில் கூடை, இடுப்பில் ஒரு கை, கால் தரையை விட்டு அதிகம் எழும்பாது, எட்டும் சின்னதுதான். கூடைக்காரம்மாக்கள் யாரும் நீட்டி எட்டு வைத்து நடந்து நான் பார்த்ததில்லை. நீட்டி வைத்தால் கூடை ஆடும். உங்கள் எலும்புக்கும் அதேதான். காலை முன்னால் எட்டிப் போட்டு குதிகாலில் தொம்மென்று இறங்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் முன்னெலும்பில் ஏறும். சின்ன எட்டு, சீக்கிரமான எட்டு, உடம்புக்கு நேர் கீழே பாதம். காலடிச் சத்தம் உங்கள் காதுக்கே கேட்கக்கூடாது.

சரி, இருபது வாரம் கையில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் வலி இல்லாத அளவுக்கு நடை மட்டும்: வாரம் நான்கு நாள், அரை மணி நேரம். நடந்தாலே வலித்தால் அதுவும் வேண்டாம். வீட்டு வாசற்படியில் முன்பாதத்தை மட்டும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். வலி இல்லாமல் எத்தனை முடிகிறதோ அதில் ஆரம்பித்து, பதினைந்து பதினைந்தாக மூன்று முறை என்ற அளவுக்கு வாருங்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கியும் அதையே செய்யுங்கள், உள் கெண்டைக்கால் தசைக்கு வேலை போகும். வாரம் மூன்று நாள் இது ஜனவரி வரைக்கும் தொடரட்டும். ஓட்டத்தை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மூன்றாவது வாரம், எலும்பில் அழுத்தினால் வலி இல்லை என்றால் மட்டும், ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படிப் பத்து தடவை, வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. நடந்தால் அது ஓட்டமில்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிறகு ஓட்டத்தை இரண்டு நிமிஷமாகவும், நடையை ஒரு நிமிஷமாகவும் மெல்ல மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அரை மணி, முக்கால் மணி என்று இருக்கட்டும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். செப்டம்பர் கடைசியில் 5 கிலோமீட்டர், அக்டோபர் நடுவில் 8, தீபாவளி வாக்கில் 10. நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

தீபாவளியன்று முடிவு எடுங்கள். அதற்குள் 10 கிலோமீட்டரை வலியில்லாமல், பேசிக்கொண்டே கடந்திருந்தால் 21-க்குப் போகலாம்: 12, 14, ஒரு வாரம் 10, அப்புறம் 16, டிசம்பர் நடுவில் 18. முழு 21-ஐ முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிஷம் என்று ஓட்டமும் நடையுமாகப் போனால் மூன்றேகால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவீர்கள். தீபாவளிக்குள் 10 வரவில்லை என்றால், ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, தூரத்தை மாற்றிக்கொள்ள விடுவார்களா, எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா பெயரில் பத்து ஓடினாலும் அது அம்மா பெயரில் ஓடினதுதான்.

இப்போது ஓட்டத்தைவிட முக்கியமான விஷயம். அம்மா ஒரு வருஷம் கட்டியை மறைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நீங்களே பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று எழுதவில்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண்டிப்பாக வரும் என்று அர்த்தமில்லை. கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் இரண்டையும் பரிசோதிக்கிற ஏற்பாடு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது, செலவு இல்லை. போய், "அம்மாவுக்கு இருந்தது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மேமோகிராம் எப்போதிலிருந்து, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்பதை டாக்டர் சொல்வார். வலிக்காத கட்டி, அக்குளில் நெறி, தோலில் குழி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து கசிவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். வலிக்கவில்லையே என்றுதான் நம் அம்மாக்கள் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

போகும்போதே ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின் நான்கையும் பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷத்தில் இரைப்பது வேகத்தால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ரத்தசோகையாலும் இப்படி இரைக்கும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முருங்கைக்கீரை, ஈரல், சுவரொட்டி சேருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், உணவில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலும்புக்கு உங்கள் வீட்டிலேயே மருந்து இருந்திருக்கிறது: முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி. அதோடு கேழ்வரகுக் கூழ்.

அடுத்து இடம். எண்ணூர் விரைவுச் சாலையில் விடியற்காலையில் ஓடுவதை நிறுத்திவிடுங்கள். கன்டெய்னர் லாரி வரிசை, இருட்டு, பல இடத்தில் ஒதுங்கக்கூட ஓரம் இல்லை. துறைமுகத்துப் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தவர்களுக்கு நானே பயிற்சி கொடுத்திருக்கிறேன். வார நாளில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானம், ராயபுரத்து ராபின்சன் பூங்கா என்று சுற்றிச் சுற்றி ஓடுங்கள். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் பத்திரம். ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போய்விடுங்கள். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் வரும், போய் வந்தால் ஐந்து. அந்த நேரத்தில் அங்கே நிறையப் பெண்கள் ஓடுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து காற்றில் வாடை அடிக்கிற நாளில் வெளியே ஓட வேண்டாம், வீட்டிலேயே படிப் பயிற்சி செய்யுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, மெல்ல நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி.

நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் ஆவணி, புரட்டாசியில் நீங்கள் மெதுவாக ஓடினால் அது உங்கள் குறை இல்லை. தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நாளில் வெறும் தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடிக்கக்கூடாது, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். ஓ.ஆர்.எஸ். கரைசல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கலக்குவதாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓடி வந்த பிறகு நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ நல்லது. ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தாடை அல்லது கைக்குப் பரவுகிற வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரம் போய்விடும். தெருவில் தேங்கின தண்ணீரில் ஓடவே கூடாது. அடியில் மூடியில்லாத சாக்கடை இருக்கலாம், எலிக்காய்ச்சலும் வரலாம். தவறவிட்ட ஓட்டத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடாதீர்கள். போனது போகட்டும்.

ஷூ விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாயங்காலம், கடையில் நின்று பாதம் வீங்கியிருக்கிற நேரத்தில் போய் வாங்குங்கள். முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். அதைவிட முக்கியம், மார்பை நன்றாகத் தாங்குகிற ஸ்போர்ட்ஸ் பிரா. அது இல்லாமல் இவ்வளவு தூரம் ஓடினால் தோள், கழுத்து எல்லாம் வலிக்கும். நனைந்த பருத்தி உரசும், தொடை உள்பக்கம், அக்குளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அழுகை வருவதைப் பற்றி. வரட்டும். அழும்போது மூச்சு தொண்டையில் ஏறிக்கொள்ளும், அந்த மூச்சோடு ஓட முடியாது, அதனால்தான் நின்றுவிடுகிறீர்கள். நிற்பதில் தப்பில்லை. நடந்துகொண்டே அழுங்கள், மூச்சை வாய் வழியாக நீளமாக விடுங்கள், அடங்கினதும் ஓடுங்கள். அது பயிற்சியில் விழுந்த ஓட்டை இல்லை. ஆனால் சில நாள் ஓடுவது நம்மை நாமே தண்டிப்பது போல ஆகிவிடும்: "அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருந்தால்" என்ற எண்ணத்தோடு காலை அடித்து அடித்து ஓடுவது. அந்த எண்ணம் வந்த அன்றைக்கு ஷூவைக் கழற்றிவிட்டு யாரிடமாவது பேசுங்கள். அம்மா உங்களிடமிருந்து மறைத்ததை நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. தூக்கம் வரவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று இருந்தால் 14416-க்குப் பேசுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசு எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பெரியம்மாவைக் கோபிக்காதீர்கள். அவருக்குப் போனது தங்கை. தங்கை பெயரை யாராவது தெருவில் தப்பாகப் பேசிவிடுவார்களோ என்ற பயம் அது. அவரிடம் ஓட்டம் என்று ஆரம்பிக்காமல், "திவசத்துக்கு நாலு பேருக்குச் சாப்பாடு போடுற மாதிரி, அம்மா பேர்ல நாலு பேருக்கு வைத்தியம் பெரியம்மா" என்று சொல்லிப் பாருங்கள். போனவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும் அன்னதானம் செய்வதும் நமக்குப் புதிதில்லையே. முதல் நன்கொடையை அவர் கையாலேயே வாங்குங்கள், பத்து ரூபாயாக இருந்தாலும் சரி.

பணம் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். யாருக்காகத் திரட்டுகிறீர்களோ அந்த அமைப்பு பதிவு பெற்றதா, வருமான வரிச் சலுகைக்கு உரிய ரசீது தருகிறதா என்று பாருங்கள். மொபைலில் அனுப்புகிறவர்கள் உங்கள் கணக்குக்கு அனுப்பாமல் நேராக அமைப்பின் கணக்குக்கே அனுப்பட்டும். மார்க்கெட்டில் அம்மாவோடு உட்கார்ந்த பெண்கள் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள். அமைப்பிடம் ரசீதுப் புத்தகம் கேட்டு வாங்கி, ஐந்து ரூபாய்க்கும் ரசீது கிழித்துக் கொடுங்கள். எல்லாரிடமும் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் நோயில் இருந்த படத்தைக் காட்டாதீர்கள், கூடையோடு இருக்கிற படம் இருந்தால் அதைக் காட்டுங்கள். கட்டியை மறைத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்கிற பத்துப் பெண்களில் ஒருத்தியாவது வீட்டுக்குப் போய்த் தன்னைப் பார்த்துக்கொள்வாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் தங்கையை நினைத்து, நம் ஊரில் புற்றுநோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நிதி திரட்டிக்கொண்டே இருந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு ஆரம்பித்தது 1954-ல். நடுவில் 31 வருஷம். உங்களுக்கு நான் கேட்பது இருபது வாரம்தான்.

தீபாவளி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கால் நன்றாக இருந்தால், மெரினாவுக்குப் போக வேண்டாம். அம்மா போன வழியில் போங்கள். காசிமேட்டில் ஏலம் எடுத்த இடத்திலிருந்து கல்மண்டபம், அங்கிருந்து பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்கள், திரும்ப வீடு. சந்துசந்தாகப் புகுந்து அவர் நடந்ததை மொபைலில் அளந்து பாருங்கள், எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது என்பது என் கணக்கு. விடிந்த பிறகு கிளம்புங்கள், போக்குவரத்து அதிகமான இடங்களில் நடங்கள். வீட்டில் யாராவது சைக்கிளில் தண்ணீரோடு கூட வரட்டும். வழக்கமாக மீன் வாங்கின வீடுகளில் யாராவது வாசலில் நின்றால் நின்று பேசுங்கள், நேரத்தைப் பார்க்க வேண்டாம்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி கடையிலிருந்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டை விரலால் அந்த எலும்பை அழுத்திப் பாருங்கள். பரவலாக வலிக்கிறதா, ஒரே இடத்திலா என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.